பிராசஸருக்குச் சாம்பிராணி போட்ட வாரம்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கம்ப்யூட்டர் பிராசஸருக்கும் மனிதனைப் போலவே மூப்பு வரும் என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதல்லவா, அதுபோல எட்டு வருஷம் உழைத்த பிராசஸருக்கும் மூச்சு வாங்கும். முழங்கால் இல்லாததால் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் வீட்டில் மனைவியிடமும், செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு ஹாலில், சாமி மேடைக்கு நேர் கீழே இருந்தது. மகள் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் போனபோது படிப்புக்கென்று வாங்கியது. படிப்புக்கு எதற்கு ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளே நீல விளக்கும் என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். "இப்ப எல்லாம் அப்படித்தான் வருது" என்று நானும் மகளும் ஒரே குரலில் சொன்னோம். ஒரே குரலில் சொன்னதே சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. "ரூமுக்குள்ள வச்சா அப்பனும் மகளும் சோறு திங்க வெளிய வர மாட்டீங்க, ஹால்லயே இருக்கட்டும்" என்று தீர்ப்பு வந்தது. ஹாலில் காலியாக இருந்த ஒரே ப்ளக் பாயின்ட் சாமி மேடைக்குக் கீழே. அங்கே போய் உட்கார்ந்தது கம்ப்யூட்டர். மகள் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு அதை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். தினமும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டேன்.

மகளுக்கு இப்போது வேலை சரவாக்கில். மீரியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளி சனியாக இருந்த வார விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றியது எனக்கு வசதியாகப் போயிற்று. அவளுக்கும் அதே நாட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் விளையாட்டில் சந்திப்போம். லாரி ஓட்டும் விளையாட்டு. ஆளுக்கொரு பெரிய லாரி. ஏதோ குளிர்ப் பிரதேசத்து நெடுஞ்சாலையில் அவள் முன்னால், நான் பின்னால். காதில் ஹெட்செட். சரக்கை இறக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போனில் பேசலாமே என்று கேட்கலாம். பேசுகிறோம். எங்கள் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். சாப்பிட்டியா, என்ன கறி, ஏன் இளைச்சுப் போயிருக்கே, டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டியா. நாலு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். லாரியில் அப்படி இல்லை. ரோடு நீளம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கண் ரோட்டில் இருக்கும்போது வாய் தன்பாட்டில் பேசும். ஒரு மாணவன் காட்டிலிருந்து கட்டுக்கட்டாகக் கீரை பறித்து வந்து மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனது, தலைமையாசிரியருக்கு அவள் கையெழுத்து பிடிக்காதது, மழை பெய்தால் கரண்ட் போவது, எல்லாம் எனக்கு லாரியில்தான் தெரியும். போன புதிதில் ஒரு ஞாயிறு அவள் அழுதாள். அழுதுகொண்டே இன்டிகேட்டர் போட்டு, சரியாக இடது பக்கம் திரும்பினாள். நானும் இன்டிகேட்டர் போட்டுப் பின்னாலேயே போனேன். அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவள் சாப்பிட்டாளா இல்லையா என்பது மட்டுமாகத்தான் இருக்கும்.

இது புரிந்தால்தான் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பது புரியும். புரிந்தாலும் சிரிக்கலாம், தடையில்லை.

வியாதி நாலு மாதத்துக்கு முன் ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும்.

"அப்பா, உங்க லாரி தவக்கள மாதிரி தாவித் தாவி வருது."

"ரோடு சரியில்லம்மா."

"ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியில பாத்தா நீங்க இல்ல. திரும்பிப் பாத்தா என் லாரி மேல ஏறி நிக்கிறீங்க."

போன மாதத்தில் ஒரு ஞாயிறு விஷயம் முற்றியது. ஓட்ட ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். அவள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக வந்தாள். கம்ப்யூட்டருக்குள்ளே காத்தாடி மட்டும், செனாய் விமான நிலையத்திலிருந்து விமானம் கிளம்புவது மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அப்போது அவள் சொன்னாள்:

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

திரை கறுத்தது. நீல விளக்கு அணைந்தது. காத்தாடி நின்றது. ஹாலில் அப்படி ஒரு அமைதி. மகள் என்ன சொன்னாளோ அது கடலுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

திரும்ப உயிர் வந்து, கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாகப் போட்டு, மூன்றாம் முறை சரியாகப் போட்டு உள்ளே போனபோது அவள் இல்லை. ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். 'துணி காயப் போடணும் பா. அடுத்த வாரம்.'

உடனே போன் அடித்தேன்.

"என்னமோ சொல்ல வந்தியே."

"ஒண்ணும் இல்லப்பா. அடுத்த வாரம் ஓட்டும்போது சொல்றேன்."

"இப்பவே சொல்லலாம்லா."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப அடுத்த வாரம்."

"என்னாது அடுத்த வாரம்?" என்றாள் மனைவி, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலிருந்து.

"லாரி சர்வீஸ்" என்றேன்.

அன்று மதியமெல்லாம் இதே யோசனை. அம்மா காதில் விழக்கூடாத, அப்பா கோபித்துக்கொள்ளக்கூடிய விஷயம் என்னவாக இருக்கும்? எனக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். வேலையை விட்டுவிட்டாள் என்றது மனம். யாரையோ பார்த்து வைத்திருக்கிறாள் என்றது. அது பரவாயில்லை, உடம்புக்கு ஏதாவதா என்றது. தலைமையாசிரியரோடு சண்டை போட்டு விசாரணை நடக்கிறது என்றது. இவற்றையெல்லாம்விட அடியில் ஒன்று கிடந்தது, அதை நான் சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை: 'ஞாயித்துக்கிழமை இனிமே வேணாம்ப்பா' என்று சொல்லப்போகிறாள். தவக்களை லாரியோடு எத்தனை வாரம்தான் ஒருத்தி மல்லுக்கட்டுவாள்?

ஆக, அடுத்த ஞாயிறுக்குள் கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டும். பிராசஸரை மாற்றுவதா, வேண்டாமா? கையில் ஆறு நாள்.

திங்கட்கிழமை என் மைத்துனருக்கு அடித்தேன். மனைவியின் தம்பி. தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். பாலத்தைத் தாண்டிப் போகிறவர் எதைப் பற்றிச் சொன்னாலும் எங்கள் குடும்பத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. சாயங்கால நெரிசலில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தார், அதனால் ஆலோசனை சொல்ல நேரம் நிறைய இருந்தது.

"பிராசஸர் மாடல் நம்பர் என்னா மாமா?"

படித்துக் காட்டினேன்.

"அலமாக். அதெல்லாம் இப்ப மியூசியத்துல இருக்கு மாமா. செத்துப் போச்சி. மாத்திடுங்க."

"மாத்தினா சரியாயிடுமா மாப்ள?"

"பிராசஸர மட்டும் மாத்த முடியாது. புதுசு உங்க பழைய மதர்போர்டுல உக்காராது. அப்ப போர்டு மாத்தணும். போர்டு மாத்தினா பழைய ரேம் அதுல சேராது, அதையும் மாத்தணும். பவர் சப்ளையும் பழசு, அத நம்ப முடியாது."

"அப்ப மிச்சம் என்னதான் இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது. "கேசிங் இருக்கும் மாமா. அந்த நீல லைட்டு இருக்கும்."

ஒரு நோயாளியைக் கொண்டுபோய்க் காட்டினால், ஆளை முழுக்க மாற்றிவிட்டுச் சட்டையை மட்டும் திருப்பித் தருகிற வைத்தியமாக இருந்தது இது. ஆனாலும் மைத்துனர் சொல்லிவிட்டாரே. அன்றிரவிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். என் பள்ளிக்கூட வாத்தியார்கள் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள், அப்படிப் படித்தேன். எந்தப் பிராசஸருக்கு எத்தனை மூளை, எது எத்தனை வேகம், எது எந்தப் பலகையில் உட்காரும். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் போட்டு ஒப்பிட்டுக் காட்டும் வீடியோக்களில், என்னுடைய பிராசஸர் எப்போதும் கடைசியில், மற்றவர்களின் அரைக்கால் உயரத்துக்கு நின்றது. பாவமாக இருந்தது. ஒரு வீடியோவில் என்னுடையதைச் சேர்க்கவே இல்லை. அது இன்னும் பாவமாக இருந்தது.

நடுவில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. பழைய பலகையிலேயே உட்காரக்கூடிய, என் பிராசஸருக்கு அண்ணன் முறையான ஒன்றை செகண்ட்ஹேண்டாக வாங்கலாமாம். மூவார் டவுனில் ஒருவர் விற்கிறார் என்று விளம்பரம். ஆர்வமாக எழுதிக் கேட்டேன், நல்லா ஓடுதா என்று. நன்றாக ஓடுகிறது என்று பதில் வந்தது. பிறகு ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். ரொம்ப மெதுவாக இருக்கிறது, அதனால்தான் என்றார். நேர்மையான மனுஷன். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன்.

புதன்கிழமை சாப்பிடும்போது மனைவியிடம் இரண்டு வழிகளையும் எடுத்து வைத்தேன். முழுசாக மாற்றுவது, அல்லது அண்ணனைக் கொண்டு வருவது. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எட்டு வருஷத்துல பழசாயிடுமா அது?"

"ஆமா. உழைப்பு அப்படி."

"உங்க கம்பெனியில நீங்க இருபத்தி மூணு வருஷமா இருக்கீங்க. மெதுவாத்தான் இருக்கீங்க. உங்கள மாத்தினாங்களா?"

"நான் சூப்பர்வைசர். ஓட வேண்டியதில்ல."

"அதான். அதையும் சூப்பர்வைசர் ஆக்கிடுங்க."

இப்படிப்பட்ட வீட்டில் தொழில்நுட்பம் வளராது.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுவது வழக்கம். மனைவி தூபக்காலில் கரித்துண்டைக் கனலவிட்டு, சாம்பிராணித் தூளைத் தூவி, சாமிக்குக் காட்டி, பிறகு வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். கம்ப்யூட்டர் சாமி மேடைக்குக் கீழேயே இருப்பதால் முதல் புகை அதற்குத்தான். எட்டு வருஷமாக இது நடக்கிறது. ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வேறு உண்டு. லாரிக்குப் பொட்டு வைக்கிறோம், மெஷினுக்கு வைக்கிறோம், இதற்கு வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதா?

அதோடு, லாரி தாவ ஆரம்பித்த இந்த மூன்று மாதமாக நான் தனியாக ஒரு சேவை செய்துவந்தேன். மனைவி சுற்றி முடித்ததும் தூபக்காலை வாங்கி, கம்ப்யூட்டருக்கு மட்டும் மூன்று சுற்று. அந்த வெள்ளிக்கிழமை நிலைமை மோசமாயிற்றே என்று, தூபக்காலை அதன் முன்பக்கத்து வலைக்கு எதிரே தரையில் வைத்து, இன்னும் இரண்டு கரண்டி சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது நான் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். வேறு எங்கும் போகாமல், புகை ஒரே கோடாக வளைந்து, அந்த வலைக்குள் நுழைந்தது. ஒரு இழை சிதறவில்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"இங்க வந்து பாரு. சாமி ஏத்துக்கிச்சி."

மனைவி வந்து பார்த்தாள். பிள்ளையார் பால் குடித்ததைப் பார்த்த மாதிரி கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கே இவ்வளவு போனா தும்மல் வருது. அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"அதுக்கு மூக்கு இல்ல."

"புகை எதுவழியா போவுது அப்ப?"

இந்தக் கேள்வியை நான் அந்த இடத்திலேயே நின்று இரண்டு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பக்தி குறைவானவர்களோடு வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று இரவே முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. அண்ணன் வேண்டாம், அரைகுறை வேண்டாம்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் தூக்கிக் காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டேன். மனைவிக்குப் பாசாரில் காய்கறி வாங்க வேண்டியிருந்தது, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம். எனக்கு ஒரு நாளாவது பெல்ட்டு மாட்டி விட்டிருக்கீங்களா?"

"நீ குலுங்கினா உள்ள எதுவும் கழண்டு போகாது."

பாசார் வந்தது. அவள் இறங்கவில்லை. "இத என்னா பண்றாங்கன்னு பாத்துட்டே போறேன்" என்று கடைக்கே வந்துவிட்டாள்.

ஜொகூர் பாருவில் ஒரு கடை வரிசையின் மூலையில் இருக்கிற சின்னக் கடை அது. கடைக்காரர் என் வயதுச் சீனர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது மலாயில்; இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் அவரை பாஸ் என்றேன், அவர் என்னை பாஸ் என்றார். இந்த நாட்டில் கடையில் விற்பவரும் பாஸ், வாங்க வருபவரும் பாஸ். வேலைக்காரன் யார் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். பிராசஸர் மாற்ற வேண்டும், போர்டு மாற்ற வேண்டும், ரேம், பவர் சப்ளை.

"யார் சொன்னது?"

"என் மைத்துனர்."

"கம்ப்யூட்டர் வேலையா அவருக்கு?"

"இல்லை. சிங்கப்பூரில் வேலை."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் எவ்வளவோ இருந்தது.

எதுவும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சொல்லி, ப்ளக்கில் மாட்டி, திரையில் ஏதோ ஒரு எண்ணைத் திறந்து வைத்தார். பிராசஸரின் சூடாம். அது எழுபது, எண்பது என்று ஏறி, தொண்ணூறையும் தாண்டியது. காத்தாடி இரைந்தது. அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். அணைத்துவிட்டுப் பக்கத்துக் கண்ணாடிக் கதவைக் கழற்றினார்.

கடை முழுக்கக் கோயில் வாசனை வந்தது.

பிராசஸர் மேலே சூட்டை வெளியேற்றுவதற்காக ஒரு காத்தாடியும், அதன் கீழே தகடு தகடாக ஒரு அலுமினியக் கட்டையும் இருக்கும். அந்தத் தகடுகளுக்கு நடுவே காற்று போக வேண்டும். எங்களுடையதில் தகடே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. கடைக்காரர் ஒரு பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தார்; அசையவில்லை. சாதாரணத் தூசி என்றால் ஊதினால் பறக்கும், இது பிசின் போல ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு குறடால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். தோசை மாதிரி ஒரு துண்டு அப்படியே உரிந்து வந்தது. அதை முகர்ந்து பார்த்தார்.

"பாஸ், வீட்டில் என்ன எரிக்கிறீர்கள்?"

"ஒன்றும் எரிக்கவில்லையே."

"இது கெமெஞான் லா."

கெமெஞான் என்றால் சாம்பிராணி. நான் கூரையைப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து, கேட்காத கேள்விக்கு, சுத்தமான மலாயில் என் மனைவி பதில் சொன்னாள்: "நேற்றுகூட இரண்டு கரண்டி போட்டார். நேராக அதன் வாயிலேயே வைத்தார்."

கடைக்காரர் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய மனது. எழுந்து என்னைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே தரையோடு தரையாகச் சிவப்பு நிறத்தில் அவருடைய சாமி மாடம் இருந்தது. மூன்று ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. "முதலில் சாமி கடையின் முன்பக்கம்தான் இருந்தது, வேலை மேசைக்குப் பக்கத்தில். ரிப்பேருக்கு வந்ததெல்லாம் என் கடையில் இருந்தே இன்னும் ரிப்பேர் ஆச்சு. இப்போ சாமி அந்தக் கோடி, கம்ப்யூட்டர் இந்தக் கோடி. சாமியும் சந்தோஷம், கஸ்டமரும் சந்தோஷம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தப் புகை ஏன் அவ்வளவு நேராகப் போயிற்று என்று. முன்பக்கத்தில் இருப்பது காற்றை உள்ளே இழுக்கிற காத்தாடி. அதன் வாயில் எதை வைத்தாலும் இழுக்கும். கரப்பான் பூச்சி மருந்தை அடித்திருந்தாலும் சாமி ஏற்றுக்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு கூத்து. செனாயில் நான் மெஷின் பராமரிப்பைப் பார்க்கிற சூப்பர்வைசர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதில் முதல் வரி, 'காற்று வடிகட்டிகள் சுத்தம் செய்யப்பட்டன.' அதைச் செய்யாமல் மெஷின் சூடாகிறது என்று புதுசு கேட்டு வந்தவர்களை, "முதல்ல போய் ஊதிட்டு வாங்கய்யா" என்று எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன். என்னை விரட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை. இருந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு கேள்வியும் கேட்டது, நான்தான் பக்தி போதாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் கழற்றி, ஏதோ திரவத்தால் துடைத்து, காற்றடித்து, பிராசஸர் மேல் புதிதாகப் பசை தடவி மாட்டினார். திரும்ப ஓடவிட்டார். எண் ஐம்பதைத் தாண்டி அறுபதுக்குப் பக்கத்தில் போய், அங்கேயே நின்றது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் நெற்றியில் கை வைத்த மாதிரி இருந்தது. காத்தாடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"பிராசஸருக்கு வயதாகிவிட்டது என்று..." என்று இழுத்தேன்.

"அதற்கு வயதெல்லாம் ஆகாது பாஸ். சூடு தாங்கவில்லை, அதனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக ஓடியது. அதையும் மீறிச் சூடானதும் தானே அணைந்துபோனது. புத்திசாலி."

"அப்ப மாத்த வேண்டாமா?"

"மாற்றியே ஆகணும் என்றால் விற்கிறேன், கடை எதற்கு வைத்திருக்கிறேன். லாரி ஓட்டத்தானே? அதற்கு இது போதும். ஓடாத கேம் ஒன்று வரட்டும், அப்போது வாங்க."

திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் பின் இருக்கையில் வந்தது. வீட்டில் அதற்குப் புதிய இடத்தை மனைவிதான் தேர்ந்தெடுத்தாள், ஹாலின் எதிர்க்கோடியில், ஜன்னலுக்குப் பக்கத்தில். ஒரு நீள வயர் வாங்கி மாட்டினேன். மைத்துனருக்கு, 'சரியாயிடுச்சி மாப்ள, சின்ன ப்ராப்ளம்தான்' என்று மட்டும் எழுதிப்போட்டேன். என்ன ப்ராப்ளம் என்று அவருக்கு அவருடைய அக்கா ஐந்து நிமிஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்தாள். கிளம்பினோம். லாரி வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது.

"என்னாப்பா, இன்னிக்கித் தவக்களையக் காணோம்?"

"கடையில காட்டினேன். கொஞ்சம் தூசி."

சாம்பிராணியைச் சொல்லவில்லை. அப்பன்களுக்கும் சில விஷயம் அடுத்த வாரம் சொல்ல இருக்கும்.

இரண்டு சுங்கச்சாவடி தாண்டினோம். அவள் விஷயத்துக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் குளுகுளு என்று இருந்தது, எனக்குத்தான் உள்ளே எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு பாலம் வந்தது. பாலத்தின் மேலே வைத்து நானே கேட்டேன்.

"போன வாரம் என்னமோ சொல்ல வந்தியேம்மா."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கு லாரி ஓட்டப் புடிக்கலப்பா."

நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்த ஏதோ ஒரு நாட்டுக்காரர் ஹார்ன் அடித்துத் திட்டினார்.

"எவ்வளவு நாளா?"

"மீரிக்கு வந்ததுல இருந்து. இங்க நான் தெனமும் ஸ்கூலுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டுறேன். முன்னால செம்பனைக் குலை ஏத்தின லாரி, பின்னால மர லாரி. நடுவுல நானு, என் சின்னக் காரு. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் இதே. ஞாயித்துக்கிழமையும் லாரின்னா தல சுத்துதுப்பா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு அவ்வளவு புடிக்குதே. அம்மா காதுல விழுந்தா, 'அப்பா ஆசப்படுறாரு, கொஞ்சம் பொறுத்துக்கம்மா'ன்னு சொல்லுவாங்க. அதான் அம்மா இல்லாதப்ப சொல்லணும்னு இருந்தேன்."

வேலை போகவில்லை. விசாரணை இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடியில் கிடந்தது மட்டும் இப்போது மேலே வந்து என்னைப் பார்த்தது. லாரியைச் சாலையோரமாக நிறுத்தினேன். அவளும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். சாதாரணமாக இல்லை.

"ஞாயித்துக்கிழமை இருக்குப்பா. லாரிதான் வேணாம்."

ஹெட்செட்டைக் கழற்றி ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப மாட்டினேன்.

"வேற என்னா விளையாடலாம்?"

"மீன் புடிக்கிற கேம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் ஒரே போட்டுல உக்காரலாம். தூண்டிய போட்டுட்டுப் பேசிக்கிட்டே இருக்கலாம். ஓட்ட வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா புது கேம்ப்பா. உங்க கம்ப்யூட்டர் தாங்குமான்னு தெரியல."

பெயரைக் கேட்டு, அந்த விளையாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்ற பக்கத்தைத் திறந்தேன். பிராசஸர் என்ற வரிக்கு வந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு படித்தேன். அதற்குத் தேவையானது என்னுடையதைவிடப் பழைய பிராசஸர்.

அன்றே இறக்கிக்கொண்டோம். பிராசஸரை மாற்றவில்லை. போன நாலு ஞாயிறும் மகளோடு மீன் பிடித்தேன்.